மூச்சு விடத் தெரிந்த மச்சினன்

படிக்கட்டில் பீரோ ஏற்றுவதைச் சும்மா நின்று பார்க்கிறவர்கள், இரண்டு ஆளும் பாதிப் பாதி தூக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அது சமதரையில். முதல் படியில் கால் வைத்த உடனே பாரம் முழுக்கக் கீழே சரிந்துவிடும். மேலே பிடிப்பவன் பின்பக்கமாக நடந்து, மூலை இடிக்காமல் திருப்பிக் கொடுத்தால் போதும். கீழே பிடிப்பவன்தான் சுமக்கிறவன். அதனால் வீடு மாற்றிக் கொடுக்கிற எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. "இறக்கு" என்கிற சொல்லைக் கீழே பிடிப்பவன் மட்டும்தான் சொல்லலாம். மேலே இருப்பவனுக்குக் கை மரத்துப் போனாலும், கண்ணுக்குள் வேர்வை இறங்கினாலும் அவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவனை வைத்துத்தான் எல்லாருக்கும் பொழுதுபோக்கு.

நான் லாரி ஓட்டுகிறவன். தூக்குகிற வேலை எனக்கு இல்லை. தூக்குகிறவர்களைப் பார்ப்பதுதான் பாதி நாள் வேலை. அப்படி நான் பார்த்தவர்களில் ஒருவன் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து கீழேயே பிடித்தவன். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட "இறக்கு" என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அதனாலேயே அவனுக்குக் கீழ்ப்பிடி என்று பெயர் ஆகிவிட்டது. முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். அவன் வீட்டு வாசலில் போய் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாது.

ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். பாரத்தைத் தூக்கும் முன்னால் வாய் நிறைய ஒரு மூச்சை இழுப்பான். பல்லைக் கடிப்பான். அப்புறம் ஏற ஆரம்பித்தால் நடுவில் பேச்சு மூச்சு எதுவும் இல்லை. முகம் சிவந்து, கறுத்து, காதோரம் நரம்பு தடித்துக்கொண்டு வரும். மாடியில் கொண்டுபோய் வைத்தபிறகுதான் 'ஹும்' என்று ஒரு சத்தம் வெளியே வரும். பார்ப்பதற்கு மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் மத்தியானத்துக்கு மேல் அவன் கையில் டீ கிளாஸ் நிற்காது, ஆடும். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கிளாஸை லாரிப் பலகையில் வைத்துவிட்டு, குனிந்து வாயை வைத்து உறிஞ்சுவான். கேட்டால் சூடாக இருக்கிறது என்பான்.

பொறாமைக்காரன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பணக்காரர்களைப் பார்த்து அவனுக்குப் பொறாமை கிடையாது. தூக்குகிற எதைப் பார்த்தாலும் வயிறு எரியும். லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்குப் போனால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். "அது இருக்கில்ல, அதையே கூப்பிட்டு வேலை வாங்கிக்க வேண்டியதுதானே" என்று லிஃப்ட் கதவைப் பார்த்து முணுமுணுப்பான். ஒரு தடவை லிஃப்ட் நடுவில் நின்று போனது. அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் அவன் செலவில் டீ.

இப்படிப்பட்டவன் வயிற்றில் தணல் அள்ளிக் கொட்ட வந்து சேர்ந்தவன் அவனுடைய மச்சினன்.

மச்சினன் பேண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவன். குழு கலைந்து, ஊதுவதற்குக் கூப்பிட ஆள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஒல்லி. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே தெரியும். அக்காக்காரி, அதாவது கீழ்ப்பிடியின் மனைவி, என்னிடம்தான் முதலில் வந்தாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். நான் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. கீழ்ப்பிடியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மச்சினன் மேல் பாசம் என்று நினைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, ஒரு வாரத்தில் ஓடிவிடுவான், வீட்டில் அவன் பெருமையைக் கேட்கிற தொல்லை தீரும் என்கிற கணக்கு. ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவன் என்று பெண்டாட்டி கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறான்.

ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. மச்சினன் ஓடவில்லை. இன்னொரு வீட்டில் கீழ்ப்பிடி மாட்டிக்கொண்ட ஒரு நாள், ஆள் இல்லாமல் மச்சினனைக் கீழே பிடிக்க விட்டோம். வாஷிங் மெஷின். அவன் ஏறின விதத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் குவித்து ஊதுகிறான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கூச்சமே இல்லாமல் "இறக்கு" என்கிறான். இறக்கி வைத்துவிட்டு விரல்களை விரித்து உதறுகிறான், தொடையைத் தளர விட்டு ஆட்டுகிறான், நாலைந்து மூச்சு நிதானமாக இழுத்து விடுகிறான், மறுபடி தூக்குகிறான். ட்ரம்பெட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். ஆனால் சாயங்காலம் எல்லாரும் லாரி நிழலில் மல்லாந்து கிடக்கும்போது, அவன் மட்டும் தனியாக நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சீட்டி வேறு அடித்துக்கொண்டு. அந்தச் சீட்டிச் சத்தத்தோடு சிரிப்பு அடங்கிப் போனது.

கீழ்ப்பிடிக்கு இதை யாரும் போய்ச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவனே பார்த்தான். காலையில் தான் மச்சினனைவிட இரண்டு மடங்கு ஏற்றுவதையும், மூன்று மணிக்கு மேல் மச்சினன் தன்னைத் தாண்டிப் போவதையும் தினமும் பார்த்தான். எப்படி என்றுதான் புரியவில்லை. உடம்பில் பாதி, வயதில் பன்னிரண்டு குறைவு. வயதினால் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதே வயதுக்காரர்கள் மற்ற இரண்டு பேர் இவனைவிட முன்னால் படுத்துவிடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு மேடை. மச்சினன் கட்டிலில் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற கீழ்ப்பிடியின் மனைவி மூன்று பேருக்கும் டீ போட்டாள். தம்பியின் கிளாஸில் மூன்று கரண்டி சர்க்கரை குவித்துப் போட்டதைக் கீழ்ப்பிடி பார்த்துவிட்டான். அவன் கிளாஸில் ஒன்று.

"எனக்கு ஏன் ஒண்ணு?" என்றான்.

"நீங்கதானே கம்மியாப் போடச் சொன்னீங்க."

"எப்ப சொன்னேன்?"

"கல்யாணம் ஆன புதுசுல."

"அப்ப சொன்னது அப்ப. இவனுக்கு மட்டும் மூணா?"

"அவன் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தாங்க குடிப்பான். டீக்கெல்லாமா கணக்குப் பாக்குறது?"

அவன் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினன் குடிப்பதையே பார்த்தான். ஒவ்வொரு மடக்கும் அந்தத் தொண்டையில் இறங்குவதை அவன் கண் பின்தொடர்ந்து போனதை நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி இரண்டாவது லாரி வாங்கினார். புது லாரிக்கு ஒரு தலைவன் வேண்டும், ஆட்களைப் பிரித்து அனுப்பவும், கனமான சாமானுக்கெல்லாம் கீழே பிடிக்கவும். கீழ்ப்பிடிக்குத்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளி பிடி கொடுக்காமல், டீச்சர் வீட்டு வேலை முடியட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றுவிட்டார். கண் என்னவோ மச்சினன் பக்கம் இருந்தது. அன்றைக்கு மதியம் கீழ்ப்பிடி சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே மூடிவிட்டான்.

டீச்சர் என்பது உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. மூன்றாவது மாடிக்குக் குடிபோனார். லிஃப்ட் இல்லை. வேலை இரண்டு நாள். முதல் நாள் புத்தகப் பெட்டிகள், இரண்டாம் நாள் கட்டில், மேசை, அப்புறம் ஒரு மர அலமாரி. அந்த அலமாரியைப் பற்றித்தான் முதலாளிக்கே கவலை. ஒரே மரத்தில் இழைத்தது, கதவில் ஆள் உயரக் கண்ணாடி, பசை போட்டு ஒட்டியதால் பிரிக்க முடியாது. படிக்கட்டு குறுகல், இரண்டு பேருக்கு மேல் நுழைய முடியாது.

முதல் நாள் கீழ்ப்பிடி புத்தகப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரண்டாகத் தூக்கினான். மச்சினன் ஒன்று ஒன்றாக. டீச்சரம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுருட்டி வைத்த மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வரை கீழ்ப்பிடி தூரத்தில் முன்னால். அதற்கு அப்புறம் அவனும் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தான். நாலு மணிக்கு அவன் பெட்டியை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றபோது, மச்சினன் ஊதிக்கொண்டே பக்கத்தில் வழிவிட்டுப் போனான்.

டீச்சரம்மா எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். எல்லாரும் படியிலேயே உட்கார்ந்தோம். அவர் மச்சினனைப் பார்த்து, ஏன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு விடுகிறீர்கள் என்று கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, ட்ரம்பெட் ஊதினவனுக்கு மூச்சுத் தீர்ந்தால் பாட்டு நின்றுவிடும், அதனால் தீரும் முன்னாலேயே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது என்றான். அந்தம்மாவுக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, சொல்ல ஆரம்பித்தார்.

"நாம எதைத் தின்னாலும் முக்கால்வாசி கடைசியில சர்க்கரையாத்தான் தசைக்குப் போகுது. தசைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு அடுப்பு மாதிரி. சர்க்கரைதான் அதுக்கு விறகு. அது உள்ள போனாத்தான் பலம்."

சர்க்கரை என்று கேட்டதும் கீழ்ப்பிடி நிமிர்ந்து உட்கார்ந்தான். மச்சினன் கையில் இருந்த டீயைப் பார்த்தான். ஏதோ திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகம்.

"இந்தத் தம்பி செய்யறது இருக்கு பாருங்க, அதுதான் சரி" என்று அந்தம்மா மச்சினனைக் காட்டினார்.

அவ்வளவுதான். கீழ்ப்பிடி எழுந்துவிட்டான். லாரியில் கயிறு கட்டவேண்டும் என்றான். லாரி காலியாக நின்றது, கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தடதடவென்று இறங்கிப் போய்விட்டான். மச்சினனைப் புகழ்ந்து ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவனுக்கு அந்த இடத்தில் கால் நிற்காது. அதனால் முக்கியமானதைக் கேட்காமல் போனான்.

மீதியை நான் கேட்டேன். அந்த விறகை அடுப்பு ஒரேயடியாக எரிப்பதில்லையாம். செல் முதலில் ஒரு சர்க்கரையை இரண்டு துண்டாக உடைக்கும். அதற்குக் காற்றே வேண்டாம். சட்டென்று நடக்கும். ஆனால் கிடைக்கிற பலம் கொஞ்சம், இரண்டு பங்கு என்று வைத்துக்கொள் என்றார். அந்தத் துண்டுகள் செல்லுக்குள்ளேயே இருக்கிற சின்னச் சின்ன அறைகளுக்குள் போகவேண்டும். நாம் இழுக்கிற மூச்சு இரத்தத்தில் ஏறி அந்த அறை வரைக்கும் வந்து சேர்ந்தால், அங்கே அது படிப்படியாக, மிச்சம் இல்லாமல் எரியும். முப்பது பங்கு பலம் வரும். கழிவு என்று பார்த்தால் கொஞ்சம் தண்ணீரும், நாம் வெளியே விடுகிற கரிக்காற்றும்தான்.

மூச்சை அடக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அடக்குவது மட்டும் இல்லை, விடாமல் இறுக்கிக்கொண்டே இருந்தாலும் அதே கதைதான் என்றார். இறுகிய தசை தனக்கு வருகிற இரத்தக் குழாயைத் தானே நசுக்கும். காற்று வந்து சேராது. துண்டுகள் அறைக்குள் போக முடியாமல் புளித்துத் தேங்கும். செல்லோ பலம் போதாமல் மேலும் மேலும் சர்க்கரையை உடைத்துக்கொண்டே இருக்கும், எல்லாம் பாதியில் நின்றுபோகும். கால் எரிகிறது, கை நடுங்குகிறது என்பதெல்லாம் அந்த நேரத்துச் சங்கதிதானாம். ஒரு நிமிஷம் தளர்த்தி மூச்சு விட்டால் வழி திறந்துகொள்ளும்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்ட லாரி அப்படித்தான். டீசலைக் குடிக்கும், கரும்புகை கக்கும், மேட்டில் இழுக்காது. டாங்க் நிறைய டீசல் ஊற்றி என்ன பிரயோஜனம்?

அன்றைக்குத் திரும்பி வரும்போது கீழ்ப்பிடி மருந்துக் கடை முன்னால் லாரியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போனவன் இரண்டு பாக்கெட் குளுக்கோஸ் பொடியோடு வந்து ஏறினான். மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டான்.

"சக்கரை மட்டும் இல்லப்பா. காத்தும் போய்ச் சேரணும்னு அந்தம்மா சொன்னாங்க. நீ பாதியில எழுந்து வந்துட்ட" என்றேன்.

"காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான்ணே. சக்கரைதான் ஆளுக்கு ஆள் மாறுது. என் வீட்டுலயே மாறுது."

"ஒரு நிமிஷம் நின்னு மூச்சு விட்டா என்ன குறைஞ்சிரும் உனக்கு?"

"நீங்களும் அவன் பக்கமாண்ணே?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீடு வரும் வரை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் அலமாரியைத் தவிர எல்லாம் ஏறிவிட்டது. முதலாளியும் வந்து, கீழே நுழைவாசலில் நின்றுகொண்டார். கீழ்ப்பிடி என் கேபினுக்குள் உட்கார்ந்து, இரண்டாவது பாக்கெட்டையும் பிரித்து, பொடியை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டான். மீசையெல்லாம் வெள்ளை. தண்ணீர் குடித்தான், மறுபடி கொட்டினான். இவ்வளவு தின்றால் வயிறு புரட்டும் என்று சொன்னேன். அவன் தன் தொடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான், உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

யார் கீழே என்று முதலாளி பொதுவாகக் கேட்டார். "பேர் எதுக்கு வெச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கீழ்ப்பிடி பாரம் தாங்குகிற வாரைத் தோளில் மாட்டினான். மச்சினன் மேல் பக்கம் போனான். நான் அலமாரியின் இழுப்பறைகளை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அதாவது கீழ்ப்பிடிக்கும் கீழே. அவன் விட்டால் அலமாரி முதலில் அவன் மேல், அடுத்தது என் மேல்.

முதல் மாடி வரை நான் பயப்படவில்லை. வழக்கம்போல ஒரு மூச்சை இழுத்துப் பல்லைக் கடித்தான், ஏறினான். திருப்பத்தில் நிற்காமலே திரும்பினான். இரண்டாவது மாடிக்கும் போனான், கொஞ்சம் மெதுவாக. அங்கே டீச்சரம்மாவின் மெத்தை இருந்த இடம் காலியாக, விசாலமாகக் கிடந்தது. மச்சினன் அங்கே ஒரு கணம் தயங்கினான். பிடியைத் தளர்த்தப்போகிற மாதிரி கை அசைந்தது. கீழ்ப்பிடி அலமாரியாலேயே அவனை மேலே நெட்டினான்.

மூன்றாவது மாடிப் படிகளில் பாதியில் அவன் கால் நின்றது.

பின்னால் இருந்த எனக்கு அவனுடைய கால்களும் முதுகும்தான் தெரிந்தன. கெண்டைச் சதை தனியாக உயிர் வந்தது போல் துடித்தது. முட்டி உள்பக்கம் மடிய மடிய அவன் நிமிர்த்திக்கொண்டிருந்தான். வலது காலை அடுத்த படிக்குத் தூக்கினான். பாதி தூக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டான். கழுத்தில் வேர்வை ஓடிய இடமெல்லாம் வெள்ளைப் பொடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வயிற்றிலிருந்து ஏப்பம் ஒன்று வந்து பாதியில் நின்றது கேட்டது. வாயைத் திறந்தால் என்ன வெளியே வருமோ என்று பயந்த மாதிரி அவன் தாடை இறுகியது பின்னாலிருந்தே தெரிந்தது.

அவன் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது. நான் சொல்லலாமா என்றால், நான் தூக்குகிறவனே இல்லை. மேலே வாசலில் டீச்சரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அலமாரிக் கண்ணாடியில் என் முகம் கோணலாகத் தெரிந்தது.

அப்போது மேலேயிருந்து மச்சினன் குரல் கேட்டது. கீழே முதலாளி வரை போய்ச் சேருகிற குரல்.

"மாமா, என்னால முடியல. கை விட்டுப்போச்சு, இதுக்கு மேல ஒரு படிகூட வர மாட்டேன். இறக்கச் சொல்லுங்க மாமா."

நான் அண்ணாந்து பார்த்தேன். அவன் விரல்கள் அலமாரியின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தன, ஒன்றுகூட நழுவவில்லை. முகத்தில் வேர்வை இருந்தது, திணறல் இல்லை. உண்மையிலேயே மூச்சு வாங்குகிறவன் அவ்வளவு நீளமாக ஒரே இழுப்பில் பேச முடியாது. நடுவில் இரண்டு இடத்திலாவது அறுந்து போகும். இது எனக்கே தெரியும்போது கீழ்ப்பிடிக்குத் தெரியாமல் இருக்குமா?

கீழ்ப்பிடியின் தலை கொஞ்சம் மேலே நிமிர்ந்தது. அப்புறம், "இறக்கு" என்றான் கீழ்ப்பிடி. எவ்வளவோ தடவை மற்றவர்கள் சொல்லிக் கேட்ட சொல்தான். அவன் குரலில் அது பாதி காற்றாக வந்தது.

நான் இழுப்பறைகளைப் போட்டுவிட்டுப் போய்த் தோள் கொடுத்தேன். அலமாரியின் அடி படியில் உட்கார்ந்தது. சுவரில் சாய்த்து, இழுப்பறையையே முட்டாகக் கொடுத்தோம். கீழ்ப்பிடி படியில் விழுந்த மாதிரி உட்கார்ந்தான். வாயைப் பிளந்து மூச்சை இழுத்தான், விட்டான், இழுத்தான். முதுகு முழுக்க ஏறி இறங்கியது. அவன் மூச்சு விடுகிற சத்தத்தை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கீழேயிருந்து முதலாளி கத்தினார். "யாருடா பாதிப் படியில இறக்கச் சொன்னது?"

மச்சினன் வாயைத் திறந்தான். பழி தன்னுடையது என்று சொல்லத் தயாராக இருந்தான். ஒரு வார்த்தை போதும், கீழ்ப்பிடியின் பெயர் நிற்கும். இத்தனை வருஷமாக 'இறக்கு' என்று தானாகச் சொல்லாதவன், மச்சினன் கெஞ்சியதால் சொன்னான் என்று கதை முடியும். புது லாரியும் அனேகமாக அவனுக்குத்தான்.

"நான்தான்" என்றான் கீழ்ப்பிடி. மூச்சு வாங்கிக்கொண்டே, துண்டு துண்டாகச் சொன்னான். "எனக்குத்தான் கால் போச்சு. அவன் சொன்னது பொய். அவன் நல்லாத்தான் இருக்கான்."

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பிடி வாரைக் கழற்றி மச்சினனிடம் நீட்டினான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மச்சினன் கீழே இறங்கி வர, இவன் உடம்பைத் தேய்த்துக்கொண்டு மேல் பக்கம் போனான். மேலே பிடித்துப் பழக்கமே இல்லாததால் பின்பக்கமாக நடக்கத் தெரியாமல் இரண்டு தடவை சுவரில் முதுகை இடித்தான். ஐந்து படி ஏறினதும் மச்சினன் இறக்கச் சொன்னான். மறுபேச்சு இல்லாமல் இறக்கினான். இறக்கிவிட்டு, மச்சினன் விரலை உதறுகிறபோது தானும் உதறினான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான். அலமாரி ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்புறம் கீழே வந்து, சாக்கடை ஓரம் உட்கார்ந்து, தின்ற குளுக்கோஸ் முழுவதையும் வாந்தி எடுத்தான்.

புது லாரி மச்சினனுக்குப் போனது. கீழ்ப்பிடி என் லாரியிலேயே இருக்கிறான், இப்போதும் கீழேதான் பிடிக்கிறான். மாடிக்கு மாடி இறக்கச் சொல்கிறான். ஆரம்பத்தில் அதைச் சொல்லும்போது யாரையாவது முறைத்துக்கொண்டு சொல்வான். இப்போது முறைப்பதில்லை. சாயங்காலம் வரை கை ஆடுவதில்லை என்பதை நான் கவனித்தேன், அவனும் கவனித்திருப்பான். ஆனால் இரண்டு லாரியும் ஒரே தெருவில் எதிரெதிராக வந்துவிட்டால், மச்சினன் ஜன்னலிலிருந்து கையைத் தூக்கினால், இவன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வான். தங்கச்சி தம்பியின் புது லாரியைப் பற்றிப் பேச்சை எடுத்தால், சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவானாம்.

ஒரு நாள் சிக்னலில் நின்றபோது கேட்டே விட்டேன். "அவன்தான் உனக்காகப் பொய் சொன்னானே. நீ ஏன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல? லாரி உனக்கு வந்திருக்குமே."

கீழ்ப்பிடி முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்குறதுல அவன் என்னைவிடப் பெரியவன்னு ஆயிடுச்சு. சரி, போகட்டும். நல்ல மனசுலயும் அவன்தான் பெரியவன்னா, நான் எதை வெச்சுண்ணே அந்த வீட்டுல உக்காருறது?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரனை அழுத்தினான். நான் கியரைப் போட்டேன்.